எழுந்திருக்காத கழுதை

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பாட்டு வீடியோ இணையத்தில் ஏறியது. மதியம் டப்பாவைத் திறந்து சாப்பிட உட்காருவதற்குள் நாலாயிரம் பேர் திட்டித் தீர்த்திருந்தார்கள்.

படம் வரைந்தவள், மூன்றே பேர் வேலை செய்யும் ஒரு அனிமேஷன் ஸ்டுடியோவில் ஜன்னலோர மேசைக்காரி. பழைய டிவி கார்ட்டூன் ஒன்றை எடுத்து, ஒரு பாடகரின் புதுப் பாட்டுக்காகத் தன் கையால் மறுபடி வரைந்திருந்தாள். அந்தக் கார்ட்டூனில் ஒரு கழுதை. வாரம் தவறாமல் அதன் மேல் ரோடு ரோலர் ஏறும். கழுதை காகிதமாய்த் தட்டையாகும். அடுத்த நொடி உடம்பை உதறிக்கொண்டு எழுந்து நடக்கும். இவள் வீடியோவிலும் ரோலர் ஏறியது. கழுதைதான் எழவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டுப் போட்டுக் கிடந்தது.

முதலாளி கமெண்டுகளை உரக்கப் படித்தார்.

"'எங்க சின்ன வயசு மேலயே ரோலரை ஏத்திட்டீங்க.' இது பரவாயில்ல. இதைக் கேளு. 'கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனைன்னு சொல்லுவாங்க. கழுதையே கழுதைப் படம் வரைஞ்சு இன்னிக்குத்தான் பாக்குறேன்.'"

அடுத்ததை அவர் படிக்கவில்லை. அவளே பார்த்தாள். இதை வரைந்த கையை உடைத்து அதே கட்டிலில் போட வேண்டும் என்று ஒருவன் எழுதியிருந்தான். அதை எண்ணூறு பேர் விரும்பியிருந்தார்கள்.

மூன்று மணிக்குப் பாடகர் வாய் திறந்தார். 'பாட்டு மட்டும்தான் என்னோடது. படத்துக்கு வரைஞ்சவங்களைக் கேளுங்க' என்று எழுதி, அவள் பக்கத்துக்கு வழியும் காட்டிவிட்டார். வரையும் முன் அவள் இந்தக் கதையைச் சொன்னபோது கண் கலங்கியவர் அவர்தான். அதன் பிறகு வசவு நேராக அவள் போனுக்கே வந்தது.

சாயங்காலம் ஒரு கமெண்ட் அவள் கண்ணில் பட்டது. எழுதியவருக்குப் பெயரும் இல்லை, முகமும் இல்லை. 'சப்பட்டை எந்திரிக்கும்னுதான் உக்காந்து பார்த்தோம். அதைப் படுக்க வெச்சவங்க நல்லா இருக்க மாட்டாங்க.'

அந்தக் கழுதையைச் சப்பட்டை என்று கூப்பிட்டவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி அவள். இன்னொருவன் அவள் அண்ணன்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். மறுநாள் காலை அவன் வேலை செய்யும் அடுக்குமாடிக்கே போனாள். மூன்றாவது மாடியில் லிஃப்ட் கதவைத் திறந்து வைத்து, உள்ளே தலையை நீட்டிக்கொண்டிருந்தான்.

"அது நீதானே?"

"எது?"

"நல்லா இருக்க மாட்டேன்னு எழுதினது."

அவன் ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. "ஆமா."

"ஊரே காறித் துப்புது. நீயும் போய் வரிசையில நின்னியா?"

"முதல் ஆளா நின்னிருக்கணும். லேட்டாத்தான் பார்த்தேன்."

"உனக்காகத்தாண்ணே அதைச் செஞ்சேன். அடிச்சா வலிக்கும்னு யாராவது ஒருத்தர் சொல்லணும்னு..."

"வலிக்கும்னு எனக்குத் தெரியாதா? நீ படம் போட்டுக் காட்டணுமா?" அவன் குரல் மாடிப்படி முழுக்கக் கேட்டது. "அப்பா பெல்ட்டைக் கழட்டும்போதெல்லாம் அந்த டிவிப் பெட்டி ஓடிக்கிட்டே இருக்கும். நான் அதையேதான் பார்ப்பேன். அது எந்திரிச்சா நானும் எந்திரிப்பேன். எனக்குன்னு அது ஒண்ணுதான் இருந்துச்சு. அதையும் கட்டில்ல கிடத்திட்டே. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

அவன் ஸ்பேனரை அவள் பக்கம் நீட்டினான்.

"அப்ப நீ என்ன பண்ணுவே? ஓடிப் போய் சவுண்டை ஏத்துவே. பக்கத்து வீட்டுக்குக் கேக்கக் கூடாதுன்னுதானே?"

"இல்ல," என்றாள். "எனக்குக் கேக்கக் கூடாதுன்னு."

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். முகம் இளகவில்லை.

"போ. ஏழாவது மாடியில ஒருத்தர் சக்கர நாற்காலியோட இறங்க முடியாம காத்திருக்கார். எனக்கு வேலை கிடக்கு."

திங்கட்கிழமை முதலாளி, கழுதையை எழுப்பிவிடச் சொன்னார். "நாலு செகண்ட்தான். எந்திரிச்சு வாலை ஆட்டட்டும். சனியன் விட்டுதுன்னு போயிடலாம்."

"படுக்க வெச்சதும் நான்தான், திட்டு வாங்கினதும் நான்தான். இனிமே அதை நான் தொட மாட்டேன் சார்."

அவரே வேறொருவரை வைத்து எழுப்பினார். வீடியோவிலிருந்து அவள் பெயரையும் எடுத்துவிட்டார். கழுதை எழுந்து வாலை ஆட்டியது. கூட்டம் இரண்டு மடங்காகத் திரண்டு வந்தது. 'பயந்தாங்கொள்ளிங்க' என்றது.

அண்ணனுக்கு ஞாயிறுதோறும் போன் செய்தாள். இரண்டு ஞாயிறு அடித்து அடித்து நின்றது. மூன்றாவது ஞாயிறு எடுத்தான்.

"என்ன?"

யோசித்து வைத்திருந்த சமாதானம் எதையும் அவள் சொல்லவில்லை. "வலிச்சுதாண்ணே?" என்று கேட்டாள்.

"எப்ப?"

"அப்ப."



"வலிச்சுது," என்றான். போனை வைத்துவிட்டான்.

அடுத்த ஞாயிறும் அழைத்தாள். எடுத்தான். கோபமாகத்தான் எடுத்தான்.