முப்பத்தேழு டிகிரி

விஜயதசமிக்கு மறுநாள் காலை ஆய்வுக்கூடத்தைத் திறந்த அபிதகுஜாம்பாள் செல்களை வளர்க்கும் இன்குபேட்டரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். கதவில் சந்தனம், குங்குமம், காய்ந்த சாமந்தி மாலை. எரிய வேண்டிய சிவப்பு விளக்கு எரியவில்லை. பிளக்கைப் பிடுங்கி, ஒயரை அழகாகச் சுருட்டி, அதற்கும் ஒரு பொட்டு வைத்திருந்தார்கள்.

ஆயுத பூஜைக்கு இயந்திரங்களை நிறுத்திக் கும்பிடுவது தாம்பரம் சானடோரியத்தில் இருந்த அந்த ஆராய்ச்சி நிறுவனத்தின் வழக்கம். இந்த ஒரு பெட்டியை மட்டும் தொடக்கூடாது என்று இயக்குநர், எலக்ட்ரீஷியன், வாட்ச்மேன் எல்லோரிடமும் சொல்லிவிட்டு, குரோம்பேட்டை வீட்டில் கொலுவுக்கு ஆள் வருகிறார்கள் என்று பூஜைக்கு முன்பே ஓடியிருந்தாள். பெருக்கித் துடைக்கும் கன்னியம்மாவிடம் சொல்லத் தோன்றவில்லை.

உள்ளே உடம்புச் சூட்டில், முப்பத்தேழு டிகிரியில், இருந்தவை எலியின் சிறுநீரகச் செல்கள். எட்டு வருடமாகத் தட்டில் படர்ந்து படர்ந்து செத்தவை, போன மாதம்தான் முதல் தடவையாக ஒன்றுகூடிக் குட்டிக் குழாய்களாக வளர ஆரம்பித்திருந்தன. கெட்டுப்போன சிறுநீரகத்தை மறுபடி வளர்க்க முடியுமா என்ற கேள்விக்கு அவளுக்குக் கிடைத்த ஒரே பதில் அது. திங்கட்கிழமை டெல்லியிலிருந்து நிதி கொடுக்கும் குழு வருகிறது. குழாயைக் கண்ணால் பார்த்தால்தான் ஆராய்ச்சி தொடரும், இல்லையென்றால் மூடுவிழா.

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள். குழாய் ஒன்றுமில்லை. செல்கள் செத்து உருண்டு மிதந்தன. இத்தனை வருடம் அடிக்கடி போகும் கரண்ட்டோடும், வெளிநாட்டு ரசாயனங்களைப் பிடித்துவைக்கும் கஸ்டம்ஸோடும் மல்லுக்கட்டியதெல்லாம் ஒரு முழம் பூவில் போயிற்றா?

கன்னியம்மா அவளுக்கென்று எடுத்துவைத்த பொரிப் பொட்டலத்தோடு வந்தாள்.

"இத யாரு நிறுத்தினது?"

"நான்தாம்மா." சந்தோஷமாகவே சொன்னாள். "மத்த மிசினெல்லாம் ரெஸ்ட்டு எடுக்குது, இது மட்டும் ராவும் பவலும் ஓடிகினே கீது. எங்க அப்பாதுரைக்கு கிட்னி வளக்குற மிசினாச்சே. சூடேறி ரிப்பேராயிட்டா?"

அப்பாதுரை கன்னியம்மாவின் தம்பி. டயாலிசிஸில் இருக்கிறான். பெட்டிக்குள் என்ன என்று கன்னியம்மா எப்போதோ கேட்டதற்கு, அவசரத்தில் "கிட்னி வளர்க்கிறோம்" என்று சொன்னது அபிதகுஜாம்பாளுக்கு இப்போதுதான் நினைவு வந்தது. வாய் வரை வந்த வசவை விழுங்கிக்கொண்டாள். இந்தக் கோபத்தை யார் மேல் கொட்டுவது? இது வெறும் எலிச் செல், உன் தம்பி காலத்தில் ஒன்றும் நடக்காது என்றாவது சொல்லிவிடலாம்.

"இன்னா டாக்டரம்மா, எதுனா தப்பாயிட்சா?"

அபிதகுஜாம்பாள் ஒயரைப் பிரித்து பிளக்கைச் செருகினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. உயிருள்ளது எதுவுமில்லாத பெட்டி மெல்ல உறுமிக்கொண்டு முப்பத்தேழு டிகிரியை நோக்கிச் சூடாகத் தொடங்கியது. கன்னியம்மா பொட்டலத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, பெட்டியின் முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.