கலங்கிய உப்புநீர்

முழங்கால் அறுவைச் சிகிச்சைக்காக மனைவி ஸோயா ஆஸ்பத்திரியில் இருந்ததால், தோட்டத்து வெள்ளரிப் பிஞ்சுகளை இந்தக் கோடையில் புரோகோர்தான் ஒரு ஜாடி உப்புநீரில் ஊறப்போட்டார். அவள் வரும்போது அது உருப்படியாக இருக்க வேண்டுமே என்று அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உப்புநீர் கலங்கியதும் பதறிப்போய், கெட்டுவிட்டதா என்று ஒரு பிஞ்சைக் கடித்துப் பார்த்தார். சந்தேகம் தீரவில்லை. இன்னொன்றைக் கடித்தார்.

“அண்ணே, எலிகூட இப்படி ஜாடியைச் சுத்தி வராது!” என்று வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்துத் தோட்டத்து ஃபைனா சிரித்தாள்.

ஊன்றுகோலோடு வீடு திரும்பிய ஸோயா ஜாடி மூடியைத் திறந்தாள். உள்ளே மணத்துக்குப் போட்ட சதகுப்பைத் தண்டும் பூண்டும்தான் மிதந்தன.

“நல்லா வந்துச்சா?”

“நிச்சயமாச் சொல்ல முடியல.”

“ஒரு ஜாடியையே முழுங்கிட்டு இப்படிச் சொல்றியே, மனுஷா!” அவள் உப்புநீரை ஒரு மடக்குக் குடித்தாள். “அடேயப்பா, உப்பு சரியா விழுந்திருக்கு. போய் இன்னும் பறிச்சுட்டு வா.”