விட்டம் பார்க்கும் அப்பா

மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளைத் துவைத்து இஸ்திரி போட்டு அனுப்பும் அந்தச் சலவைக்கூடத்தில் நீராவிக்குப் பஞ்சமில்லை, சிக்னலுக்குத்தான் பஞ்சம். பின்பக்க இரும்புப் படிக்கட்டில் ஏழாவது படியில் நின்றால்தான் வீடியோ காலில் வீட்டோடு பேச முடியும். மதியம் கிடைக்கும் பதினைந்து நிமிட ஓய்வில், சோற்றை நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு அவன் அங்கே ஓடுவான்.

ஓடி என்ன? பார்ப்பது என்னவோ வீட்டு விட்டத்தைத்தான்.

மகளுக்கு ஐந்து வயது. அவன் இந்த ஊருக்கு வேலைக்குக் கிளம்பி வந்தபோது மூன்று. மனைவி போனைக் கையில் கொடுத்தால், ஒரு நொடி அவனைப் பார்ப்பாள். பிறகு தரையில் மல்லாக்க வைத்துவிட்டு விளையாடப் போய்விடுவாள். அப்புறம் மின்விசிறி, யானை மாதிரி ஒரு ஈரக்கறை, ஒரு பல்லி. அந்தப் பல்லி இப்போது அவனுக்குப் பங்காளி மாதிரி ஆகிவிட்டது.

"பாப்பா, அப்பாவப் பாரும்மா."

"பாத்தாச்சு."

"சாப்டியா?"

"ம்."

"படிச்சியா?"

"ம்."

"உங்க டீச்சர் இந்த ஒரு எழுத்துதான் சொல்லிக் குடுத்தாங்களா?"

அதற்கு அந்த 'ம்' கூட வராது.

நேற்று பொறுமை போய்விட்டது. "மூஞ்சியக் காட்டப் போறியா இல்லையா?" என்று படிக்கட்டு அதிரக் கத்தினான். பாப்பா அழவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தாள். விட்டமும் போய் ஒரே கறுப்பு.

மனைவிதான் எடுத்தாள். "குழந்தைகிட்ட இப்படியா கத்துவீங்க?"

"நான் யாருக்காக இங்க வெந்து சாகுறேன்?"

"அது அவளுக்குத் தெரியுமாங்க? அவளுக்கு அப்பான்னா இந்தக் கையகலக் கண்ணாடிதான்."

அதற்குப் பிறகு விரித்த விரிப்பிலெல்லாம் அந்த வார்த்தை கிடந்தது. ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. இப்படியே போனால், திரும்பிப் போகும் நாளில் வாசலில் நிற்பவனை யாரோ என்று பார்த்து அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள்.

இன்று மனைவி, "வரமாட்டேங்கறா. நீங்க சும்மா கேட்டுட்டாவது இருங்க, நான் துணி காயப் போட்டுட்டு வந்துடறேன்" என்று போனைத் தரையில் வைத்துவிட்டுப் போனாள். அவன் வாயைத் திறக்கவில்லை. கோபம் பாதி, பயம் பாதி.

எங்கோ பக்கத்தில் ஒரு கட்டைக் குரல் கேட்டது. "ஹலோ, பாப்பாவா? சாப்டியா?"

"ம்" என்றது கீச்சுக் குரல்.

"படிச்சியா?"

"ம்."

"சரி, அப்பாவுக்கு மணி அடிச்சிருச்சு. வைக்கறேன்."

இரண்டு குரலும் பாப்பாவுடையதுதான். பொம்மைக்குப் போன் வந்திருக்கிறது. நடுவில் விடும் பெருமூச்சு வரைக்கும் அச்சு அசல் அவன்தான். காது மடல் சுட்டது. யாரைத் திட்டுவது?

"பாப்பா, அந்த அப்பா வேற எதுவுமே கேக்க மாட்டாரா?"

"மாட்டாரு. அவருக்கு அவ்ளோதான் தெரியும்."

உள்ளே மணி அடித்தது. மேற்பார்வையாளர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "யோவ், மணி அடிச்சது காதுல விழல? விட்டத்தப் பாத்துட்டு நிக்கற!"

"ஆமா சார், அதத்தான் ரெண்டு வருஷமா பாக்கறேன்."

போனில் விட்டம் ஆடியது. ஒற்றைக் கண்ணோடு ஒரு பொம்மை முகம் திரை முழுக்க வந்து நின்றது.

"இதுகிட்ட பேசு. சாப்டியான்னு கேக்கக் கூடாது."

இத்தனை நாள் மனசுக்குள் அவளோடு பேசியதெல்லாம் எங்கே போய்த் தொலைந்ததோ! பொம்மையை உற்றுப் பார்த்தான்.

"அது... மூக்கு ஏன் நீலமா இருக்கு?"

"அதுவா?" பொம்மை விலகியது. பாப்பாவின் முகம் வந்தது. முன்பல் ஒன்று இல்லை. எப்போது விழுந்தது? "அது பெரிய கதைப்பா. மொதல்லேர்ந்து சொல்லணும்."

"யோவ்!" என்றது பின்னாலிருந்து குரல். இஸ்திரி உருளையின் மறுமுனையில் பிடிக்க ஆளில்லாமல் விரிப்புகள் தரையில் விழுந்துகொண்டிருக்கும். 'சீக்கிரம் சொல்லு' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை மென்று விழுங்கிவிட்டு, அவன் படியில் உட்கார்ந்தான்.