ஹேமோவின் வில்லும் வளைந்த ஏழு பேரும்

ஹேமோவின் வில்லுக்கு நாணேற்றப் போன ஏழு ஆண்களும் வளைந்துபோனார்கள்; வில் வளையவில்லை. முதலில் வளைந்தவன் கொல்லன் ராஃப். வில்லின் ஒரு நுனியைப் பாதத்தோடு அணைத்து, நடுவைப் பிடித்து, தம் கட்டி அழுத்தினான். முதுகுக்குள் மரம் முறுகுவது போல ஒரு சத்தம். நெற்றி முழங்காலைப் பார்க்க, அப்படியே நின்றுவிட்டான். வலிக்கவில்லை என்றான். அந்த வாரம் பார்லி விலை ஏறியிருந்ததால் ஊர் இதைப் பற்றி அதிகம் பேசவில்லை. நோன்புக் காலம் முடிவதற்குள் இன்னும் ஐந்து பேர் வளைந்தார்கள். ஏழாவது, ஹேமோவின் தம்பி தர்ஸ்டன். ஏழு பேரும் வளைந்தபடியே உழுதார்கள், வளைந்தபடியே பீர் குடித்தார்கள், கோயிலில் மட்டும் மற்றவர்களைவிடப் பக்தியாகத் தெரிந்தார்கள்.

அவர்கள் ஆசைப்பட்டது வில்லுக்கு அல்ல, நிலத்துக்கு. ஹார்ட்லோவில் வில்லாளி வீட்டு நிலத்துக்கு ஒரே நிபந்தனைதான்: ஈஸ்டர் கழிந்த இரண்டாம் செவ்வாயன்று, உச்சிமணி ஓய்வதற்குள், அந்த வீட்டு வில்லை நாணேற்றிக் காட்ட வேண்டும். யார் ஏற்றுகிறார்களோ அவர்களுக்குப் பன்னிரண்டு ஏக்கர். ஏற்ற ஆளில்லாவிட்டால் பிரபுவுக்கு. அந்த நாளுக்கு முன்பே பழகிப் பார்க்கப் போனவர்கள்தான் அந்த ஏழு பேரும். ஹேமோ பிப்ரவரிக் காய்ச்சலில் செத்தான். அவன் மனைவி அவீஸ் அந்த நிலத்தில் பதினோரு வருஷம் கல் பொறுக்கியிருந்தாள். அது நிபந்தனையில் எழுதப்படவில்லை.

செவ்வாய் வந்தது. அவீஸ் வில்லைத் தோளில் சுமந்து கோயில் மைதானத்துக்கு வந்தாள். அவளைவிட ஒரு சாண் உயரம், கதவுத் தாழ்ப்பாள் போல் விறைத்த யூ மரம். பிரபுவின் மணியக்காரர் ஆட்வெல் பெஞ்சில் உட்கார்ந்து பாலாடைக்கட்டி தின்றுகொண்டிருந்தார்.

"வளஞ்சவங்க ஏழு பேரும் ஆம்பளைங்க. நீ ஒடஞ்சே போயிடுவம்மா" என்றார்.

"ஒடஞ்சா அள்ளிக்கிட்டுப் போங்க. நிலத்தோட சேத்து."

தர்ஸ்டன் தரையைப் பார்த்தபடியே கத்தினான். "அண்ணி, மானத்தை வாங்காத. வீட்டுக்குப் போ!"

"கொழுந்தா, நீ உன் பூட்ஸைப் பாரு. இப்ப உனக்குத் தெரியறது அது ஒண்ணுதான்."

வேலியோரத்தில் பெண்கள் சிரித்தார்கள். அதற்குள் மணி அடிக்கத் தொடங்கியது. பன்னிரண்டு அடி.

நாண் கழற்றிய பிறகும் பழைய வில், நாண் இருந்த பக்கமே லேசாகச் சாய்ந்து கிடக்கும். அந்தச் சாய்வைப் பார்த்து, அதே பக்கம் வளைப்பதுதான் ஹார்ட்லோ ஆண்களின் கைப்பழக்கம். ஆனால் இது புது வில், ஹேமோ போன குளிர்காலத்தில்தான் செய்து முடித்திருந்தான். மரமே எதிர்ப்பக்கமாக வளைந்து வளர்ந்தது. யூ மரத்தில் ஒரு பக்கம் வெளுப்பு, மறுபக்கம் சிவப்பு; வெளுத்த பக்கம் வெளியே இருக்க வேண்டும், சிவந்த பக்கம் வில்லாளியைப் பார்க்க வேண்டும். எதிரி கண்ணுக்கு வெளுப்பு தெரியக் கூடாதென்று கொழுப்பும் கரியும் குழைத்துப் பூசச் சொன்னான். பூசியவள் அவீஸ்; அதன்பின் இரண்டு பக்கமும் ஒரே கறுப்பு. எது எந்தப் பக்கம் என்று ஏழு பேரில் ஒருவனும் அவளிடம் கேட்கவில்லை.

மூன்றாவது அடியில் அவள் வில்லைத் திருப்பிப் பிடித்தாள். கூட்டம் சிரித்தது. "ஐயோ, தலைகீழா வளைக்கிறா! படார்னு தெறிக்கும், தள்ளி நில்லுங்க!" என்றான் ராஃப். யூ மரம் முறிந்தால் சிராய் கண்ணைத் தேடி வரும். எல்லோரும் பின்வாங்கினார்கள். அவள் கீழ்நுனியைப் பாதத்தோடு அணைத்தாள், இடது கையால் நடுவை இழுத்தாள், வலது உள்ளங்கையால் நாணின் கண்ணியை மேலே தள்ளினாள். ஐந்து. ஆறு. மரம் முனகியது. கண்ணி, அது மாட்ட வேண்டிய வில் நுனியின் கொம்புக் காடிக்கு நாலு விரல் கீழே நின்றது. எட்டாவது அடியில் அவள் முதுகுக்குள்ளும் அந்த முறுகல் கேட்டது. இடுப்பு ஒரு விரற்கடை குனிந்தது. மணியக்காரர் மெல்லுவதை நிறுத்தினார். ஒன்பது. கை நழுவி, கண்ணி பழைய இடத்துக்கே வந்தது. "போச்சு" என்றது ஒரு குரல். அவீஸ் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள், கோயிலடியில் யாரும் சொல்லாதது. கையை நம்பாமல் மொத்த உடம்பையும் வில்லின் மேல் சாய்த்தாள். பதினொன்று. கண்ணி கொம்புக் காடியில் விழுந்தது. பன்னிரண்டாவது அடியோடு நாண் விண்ணென்று ஒலித்தது.

அதே நொடியில் ஏழு முதுகுகள் படபடவென நிமிர்ந்தன. தர்ஸ்டன் பல நாள் கழித்து வானத்தைப் பார்த்தான். நன்றி சொல்லத் தோன்றவில்லை. "மந்திரக்காரி" என்று மட்டும் சொன்னான். மணியக்காரர் நிலத்தை அவீஸ் பேருக்கு எழுதினார்.

ஆனால் நாணேறிய வில்லை அப்படியே வைத்தால் மரம் சோர்ந்துவிடும். சாயங்காலம் அவள் நாணைக் கழற்றினாள். ஏழு பேரும் இருந்த இடத்திலேயே மறுபடி குனிந்தார்கள். காலையில் ஏற்றினாள், நிமிர்ந்தார்கள். ஒரு வாரத்தில் ஊருக்கு அது பழகிவிட்டது. ஏழு பேரின் மனைவிமார் அவளுக்கு முட்டையும் வெண்ணெயும் கொடுத்தனுப்பினார்கள். தர்ஸ்டன் அவள் நிலத்துக்கு வரும் வாய்க்காலை அடைப்பதை நிறுத்தினான். மழை நாளில் மட்டும் அவள் நாணேற்றவில்லை. ஈரம் நாணுக்கு ஆகாது. ஹார்ட்லோவில் மழை அதிகம்.