அஞ்சடிக்கு வந்த கமிட்டி

அந்த விதியைக் கொண்டுவந்ததே வயிரவன் செட்டியார்தான். பினாங்கிலிருந்து வருஷத்துக்கு ஒரு பையனைச் சிங்கப்பூர்க் காலேஜுக்கு அனுப்பிப் படிக்கவைக்கும் கல்விக் கமிட்டிக்கு அவர் தலைவர். போன வருஷம் கமிட்டிக்காரர் மெய்யநாதன் தன் அக்காள் மகனைச் சத்தமில்லாமல் நுழைத்துவிட, வயிரவன் குதி குதியென்று குதித்தார்.

"சொந்தக்காரன் மனு வந்தா எந்திரிச்சு வெளியே போயிரணும். போகாத ஆளுக்குக் கமிட்டியிலே இடமில்லே!"

எல்லாரும் கைதட்டினார்கள். மெய்யநாதன்கூடத் தட்டினார், பாவம்.

இந்த வருஷம் இரண்டு மனு. ஒன்று, சுங்கை பினாங்கில் மாட்டுவண்டி ஓட்டும் பிச்சைமுத்துவின் மகனுடையது. பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளை. இன்னொன்று, வயிரவனே கார்டியனாகக் கையெழுத்துப் போட்ட சொக்கநாதனுடையது. சாப்பாட்டுப் பந்தியைத் தவிர வேறெதிலும் அவன் முதலாவதாக வந்ததில்லை. ஆனால் வயிரவனின் மனைவி பொன்னம்மை ஆச்சிக்கு அவன் தம்பி மகனாயிற்றே!

"அவன் கப்பல் ஏறலேன்னா இந்த வீட்டுல அடுப்பு எரியாது" என்று ஆச்சி காலையிலேயே சொல்லிவிட்டாள்.

வயிரவனா அசருவார்? கூட்டம் நடப்பது சூலியா தெருவில், நாகூர் மீரானின் கடை மாடியில். மீரானும் கமிட்டிக்காரர், பழைய சிநேகிதர். மாடிப்படியிலேயே அவர் தோளில் கைபோட்டு, "விதிப்படி நான் வெளியே போயிருவேன் பாய். நீங்க நம்ம பையனைப் பாத்துக்குங்கலா" என்றார். மீரான் தாடியைத் தடவிக்கொண்டே படியேறினார்.

சொக்கநாதன் மனு வாசிக்கப்பட்டதும் வயிரவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஜம்மென்று படியிறங்கிக் கடைவாசல் நடைபாதைக்கு, அதாவது அஞ்சடிக்கு வந்தார். அங்கே தூணோரம் பிச்சைமுத்து காத்து நின்றான். செட்டியாரைக் கண்டதும் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு ஒதுங்கினான்.

"முடிவாயிருச்சுங்களா, மொதலாளி?"

"இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கு. ஆவும், ஆவும்."

படி தடதடத்தது. மெய்யநாதன்!

"சொக்கநாதனோட அப்பாரும் நானும் ஒரே கோயில் பங்காளி அண்ணே. சொந்தந்தானே? விதின்னா விதிதான்!" முகம் கொள்ளாத சிரிப்பு அவருக்கு.

பின்னாலேயே மற்ற இரண்டு செட்டியார்களும் வந்தார்கள். ஒருவர் தாய்வழிச் சொந்தம். இன்னொருவர் சொக்கநாதனுக்குப் பெண் கொடுக்கப் பேசிக்கொண்டிருந்தார். ஒன்பது கோயிலாகப் பிரிந்திருக்கும் நகரத்தார் செட்டியார்களில் ஏதோ ஒரு முறையில் சொந்தமாகாதவர் உண்டா? விதி போட்டபோது மனுஷர் அதை யோசித்திருக்க வேண்டாமா? அஞ்சடி நிறைந்துவிட்டது. பிச்சைமுத்து ஒவ்வொருவருக்கும் இடம் விட்டு இடம் விட்டுச் சாக்கடை ஓரத்துக்கே போய்விட்டான்.

'போகட்டும், மீரான் ஒருத்தர் போதும்' என்று வயிரவன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். அப்போதுதான் மீரானும் இறங்கி வந்தார்.

"நீங்க ஏன் பாய் வந்தீங்க? உங்களுக்கு என்ன சொந்தம்?"

"படியிலே தோள்ல கைபோட்டு ஒப்படைச்சீங்களே, செட்டியாரே! அதுக்கப்புறம் நான் எப்படி நடுநிலையா உக்கார்றது? மேலே இப்ப நாற்காலிங்கதான் இருக்கு. இன்னைக்குப் பேரை அனுப்பலேன்னா காலேஜிலே இடத்தை வேற ஊருக்குக் குடுத்துருவாங்க. சொந்தக்காரப் பையன் மனு இருக்கிற வரைக்கும் யாரும் மேலே ஏற முடியாதுலா."

பிச்சைமுத்து முன்னால் வந்து கைகூப்பினான்.

"எம்மவன் மனுப் போட்டதாலதான் இம்புட்டுச் சங்கடமா, மொதலாளி? வேணாங்க. நானே எடுத்துக்கிறேன். அவன் என்கூட வண்டி ஓட்டிப் பொழைச்சுக்குவான்."

வயிரவனுக்குச் சுரீரென்றது. இத்தனை வருஷத்தில் இப்படி வெட்கப்பட்டதே இல்லை.

"நீ ஏன்ப்பா எடுக்கணும்? எடுக்க வேண்டியவன் நான்" என்றார். "சொக்கநாதன் மனு வாபஸ். ஏறுங்கய்யா மேலே!"

ஏறினார்கள். வண்டிக்காரன் மகனுக்கே இடம் என்று முடிந்தது. பிச்சைமுத்து அஞ்சடியிலேயே உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

வீட்டில் கோழிக் குழம்பு மணத்தது. வயிரவன் இலைமுன் உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். ஆச்சி கையில் கரண்டியோடு கேட்டு முடித்தாள்.

"விதி போட்டது யாரு?"

"நான்தான்."

"சொந்தக்காரங்க எந்திரிச்சு வெளியே போயிரணும். அதானே?"

"ஆமா."

"நல்லது. இன்னைக்கு யாருக்குச் சோறு போடுறதுன்னு நான் முடிவு பண்ணப்போறேன். எந்திரிங்க."

வயிரவன் எழுந்து வீட்டு வாசல் அஞ்சடிக்குப் போனார்.