வைக்கோல் புகை

தீயே இல்லாத ரயில் இஞ்சினிலிருந்து புகை வரவழைக்க என்ன வேண்டும் என்று உங்களுக்குத் தெரியுமா? நனைத்த வைக்கோல் போதும். போன அக்டோபர் வரைக்கும் எனக்கும் தெரியாது.

எங்கள் ஊர் பென்சில்வேனியாவில் மலைப்பக்கம் இருக்கிறது. ஊருக்கு வெளியே கொஞ்ச தூரத்துக்குத் தண்டவாளம், ஒரு கொட்டகை, அதற்குள் முப்பத்தெட்டாம் நம்பர் நீராவி இஞ்சின். சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு அது மறுபடி ஓடவேண்டும் என்று ஒன்பது வருஷமாகப் பழுது பார்த்தோம். 'பார்த்தோம்' என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பார்த்தவர் டெல்மர் கிரைடர். பள்ளிக்கூட பஸ்களுக்கு மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். நான் மோட்டல் வேலை முடிந்து சனிக்கிழமைகளில் போய் அவர் கேட்கிற ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பேன். இந்த ஊரில் வேறு யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

சறுக்கல்களுக்குக் குறைவில்லை. பாய்லருக்குள் போகிற குழாய்கள் ஒரு தடவை மொத்தமாக ஓர் அங்குலம் குட்டையாக வந்து இறங்கின. டெல்மர் இரண்டு முறை அளந்து வைத்திருந்தார். டீசல் இஞ்சின் ஓட்டுகிற ஜீன் சும்மா ஒரு முறை அளந்திருந்தார். ஆர்டரில் போனது ஜீனின் அளவு.

"ஒரு அங்குலம்தானே டெல்மர். இழுத்து மாட்டுய்யா."

"உன் நாக்க இழுத்து மாட்டறேன், வா."

அந்தக் குழாய்கள் இன்றைக்கும் ஜீன் வீட்டுத் தக்காளிச் செடிகளைத் தாங்கிக்கொண்டு நிற்கின்றன.

போன அக்டோபரில் எல்லாம் முடிந்துவிட்டது என்று நம்பினோம். பெயிண்ட் கண்ணாடி மாதிரி மின்னியது. எங்கள் ரயில் சங்கத் தலைவி நாடீன், பல் டாக்டரிடம் வரவேற்பில் இருந்தவர், யாரையும் காத்திருக்க வைக்கத் தெரிந்தவர், இந்த விஷயத்தில் மட்டும் காத்திருக்கவில்லை. பரங்கிக்காய் ரயிலுக்கு நீராவி இஞ்சின் என்று ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டிவிட்டார். குழந்தைகளை ரயிலில் பண்ணைக்குக் கூட்டிப்போய், ஆளுக்கொரு பரங்கிக்காய் பொறுக்க விட்டுத் திரும்பக் கொண்டுவருவது இங்கே வருஷா வருஷம் நடக்கிறது. இந்தத் தடவை சனி, ஞாயிறு இரண்டு நாளைக்கும் டிக்கெட் தீர்ந்துவிட்டது.

அதற்கு முந்தின திங்கட்கிழமை பாய்லர் இன்ஸ்பெக்டர் வந்தார். பாய்லரில் தண்ணீரை நிரப்பி அழுத்தம் ஏற்றினோம். இஞ்சினின் மூக்கில், புகைபோக்கிக்கு நேர் கீழே, ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு வெற்று அறை உண்டு. அதற்குப் பெயர் புகைப்பெட்டி. குழாய்களின் முனைகள் எல்லாம் அங்கேதான் தெரியும். இன்ஸ்பெக்டர் டார்ச்சோடு அதற்குள் தவழ்ந்து போனார்.

"அழுவுது" என்றார் உள்ளேயிருந்து.

டெல்மர் பாய்ந்து போய் ஒழுகிய குழாயைத் தட்டி இறுக்கினார். அது அடங்கியதும் பக்கத்து வீட்டுக்காரி ஆரம்பித்தாள். அவளை அடக்கினால் மாடி வீட்டுக்காரி. கடைசியில் தெருவே அழுதது. இன்ஸ்பெக்டர் முழங்காலைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"குழாயெல்லாம் மாத்தணும். அதுவரைக்கும் இதுல தீ மூட்டாதீங்க."

இந்த ஊரில் சாவு விழுந்த வீட்டுக்கு, பாலாடைக்கட்டி போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கைக் கண்ணாடித் தட்டில் மூடி எடுத்துக்கொண்டு போவார்கள். தட்டு திரும்பி வரவேண்டும் என்பதற்காக அடியில் டேப்பை ஒட்டிப் பெயர் எழுதியிருக்கும். அன்று சாயங்காலம் கொட்டகை மேசையில் தட்டு வைக்க இடமில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் நாடீன் அந்த யோசனையைச் சொன்னார். முப்பத்தெட்டை முன்னால் நிறுத்துவது. ஜீனின் டீசல் பின்னாலிருந்து ரயிலைத் தள்ளுவது. விசிலுக்குக் காற்று கம்ப்ரஸர். புகைக்கு, புகைப்பெட்டியில் ஒரு டிரம் வைத்து ஈர வைக்கோலைப் புகைய விடுவது.

"பொணத்துக்குப் பவுடர் போட்டுக் கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றியா?" என்றார் டெல்மர்.

"கல்யாணத்துக்கு வர்றவங்க டிக்கெட் வாங்கிட்டாங்க, டெல்மர்."

"என்னை விட்டுடு. நான் வீட்ல படுத்துக்கறேன்."

அவர் படுக்கவில்லை. சனிக்கிழமை காலையில் ஜீன் வைக்கோல் கட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் போனதைப் பார்த்ததும் ஓடிவந்தார். "அங்க மூட்டினா காலி பாய்லர் வெந்துடும்யா. நகரு." டிரம்மைத் தானே புகைப்பெட்டிக்குள் ஏற்றினார். வைக்கோலைத் தானே நனைத்தார், ஒரு கட்டுக்கு ஈரம் அதிகம், ஒரு கட்டுக்குக் குறைவு என்று பதம் பார்த்தார். கடைசியில் தொப்பியை மாட்டிக்கொண்டு டிரைவர் இடத்திலும் அவரே உட்கார்ந்தார். பொய் சொல்வதானால் ஒழுங்காகச் சொல்லவேண்டும் என்று நினைக்கிற மனுஷர்.

ரயில் நகர்ந்ததும் எதிர்பாராத ஒன்று நடந்தது. தள்ளப்பட்ட சக்கரங்களோடு பிஸ்டன்களும் ஓடின; உள்ளே இருந்த காற்று புகையை 'சப், சப்' என்று வெளியே துப்பியது. பிளாட்பாரமே கைதட்டியது. கோடுபோட்ட தொப்பிக்காரர் ஒருவர் கண்ணை மூடி மூச்சை இழுத்து, "இதுதான் நிலக்கரி வாசனை. இத டீசல் தருமா?" என்று மனைவியைக் கேட்டார். மனைவிக்குத் தும்மல் வந்தது. டெல்மர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார்.

பண்ணையில் ரயில் நின்றபோது, தோளில் பேத்தியும் கக்கத்தில் பரங்கிக்காயுமாக ஒருவர் இஞ்சினை நோக்கி வந்தார். இன்ஸ்பெக்டர். டெல்மரின் முகம் வெளுத்தது. இன்ஸ்பெக்டர் பாய்லர்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"ஜில்லுனு இருக்கு."

"ஆமா சார்."

"அப்ப புகை?"

"வைக்கோல் சார்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "வைக்கோலுக்கு எங்கிட்ட சட்டம் இல்ல."

போகத் திரும்பியவரை டெல்மர் கூப்பிட்டார். "சார், உங்களுக்கு வித்தியாசம் தெரிஞ்சுதா?"

"பெட்டியில உக்காந்திருந்தவரைக்கும் தெரியல" என்றார் இன்ஸ்பெக்டர். "என்னைக் கேக்காம யாரோ ரிப்பேர் பண்ணிட்டாங்கன்னு பயந்துதான் இறங்கி வந்தேன்."

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். டெல்மர் அதற்குப் பிறகு திரும்பும் வழியெல்லாம் விசில் கயிற்றைத் தொடவில்லை.

சாயங்காலம் கொட்டகையில் ஆப்பிள் பழச்சாறு ஊற்றிக் கொடுத்துக்கொண்டே நாடீன் ஆரம்பித்தார். "ஒருத்தருக்கும் தெரியல, பாத்தீங்கல்ல? இன்ஸ்பெக்டருக்கே தெரியல. இனி புதுக் குழாய் எதுக்கு? அந்தப் பணத்துல கொட்டகைக்குப் புதுக் கூரை போடுவோம். நாளைக்கும் வைக்கோல், அடுத்த வருஷமும் வைக்கோல்." பிறகு அவருக்கே சங்கடமாகியிருக்க வேண்டும். குரலை இறக்கி, "நீ ஏதாவது சொல்லு, டெல்மர்" என்றார்.

"சொல்றதுக்கு என்ன இருக்கு? ஒம்பது வருஷத்துக்கும் ஒரு கட்டு வைக்கோலுக்கும் வித்தியாசம் இல்லன்னு ஆயிடுச்சு."

இங்கே எதற்கும் கைதூக்கி ஓட்டெடுப்பார்கள். ஜீனின் கை எழுந்தது. தச்சர், கணக்கர், டிக்கெட் கிழிக்கிறவர் என்று ஒவ்வொன்றாக எழுந்தன. என் கை பாதி தூரம் போய், மூக்கைச் சொறிந்துவிட்டு இறங்கியது. தீர்மானம் நிறைவேறியது. டெல்மர் தன் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே போனார். அவருடைய வண்டி கிளம்புகிற சத்தம் வெகுநேரம் கழித்துத்தான் கேட்டது.

மறுநாள் காலையில் நான் போனபோது கொட்டகை திறந்திருந்தது. வைக்கோல் டிரம் வெளியே மழையில் கிடந்தது. புகைப்பெட்டியிலிருந்து இரண்டு பூட்ஸ் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. டெல்மர் முதல் குழாயை அறுத்துக்கொண்டிருந்தார்.