துப்பாக்கிக்கு எடுத்த அளவு

ஒரு துப்பாக்கிக்கு ஒரு லேண்ட் குரூசர் வண்டியின் விலையைக் கொடுப்பார்களா என்று கேட்டால், கொடுத்ததை நான் பார்த்தேன் என்று மட்டும்தான் சொல்ல முடியும். கொடுக்கலாமா கூடாதா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அல் ஐன் பக்கம் அர்பாப் கல்ஃபானின் தோட்டத்தில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். பேரீச்சைக்குத் தண்ணீர் கட்டுவேன். ஆடுகளுக்குத் தீனி வைப்பேன். விருந்தாளி வந்தால் மஜ்லிஸ் என்கிற வரவேற்புக் கூடத்தில் காவா காப்பி ஊற்றுவேன். அர்பாப் என்றால் முதலாளி. என் விசா அவர் பெயரில்தான். பெரம்பலூர் பக்கத்து ஆள் நான். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. படித்தவன் சொன்னாலும் படிக்காதவன் சொன்னாலும் சட்டென்று நம்புகிற பழக்கம் எனக்கு இல்லை.

அர்பாபும் நானும் ஒரே உயரம். அவருக்கு யாரும் தொட்டு அளவெடுப்பது பிடிக்காது. அதனால் அவருடைய கந்தூராக்களுக்கெல்லாம் மலையாளி டெய்லர் என்னை நிறுத்தி வைத்துத்தான் அளவெடுப்பான். அவருக்குத் தொப்பை உண்டு, எனக்குக் கிடையாது. தொளதொளவென்று தொங்குகிற அந்த அங்கிக்கு அது தெரியாது. அங்கியின் கை மட்டும் அவருக்குக் கொஞ்சம் கட்டையாக வரும். அவர் எப்போதும் கையை மடித்து விட்டுக்கொள்கிற ஆள் என்பதால் அதையும் யாரும் கண்டுகொண்டதில்லை.

2005 செப்டம்பரில் ஒரு நாள் காலையில் பத்மநாபன் வந்தார். அர்பாபின் ஆபீஸைப் பார்த்துக்கொள்கிறவர், திருச்சிக்காரர், குடும்பத்தோடு அபுதாபியில் இருந்தார்.

"ரெங்கராஜண்ணே, வெள்ளையா ஒரு நல்ல கந்தூராவா போட்டுக்கிட்டு வண்டில ஏறுங்க. அபுதாபி போறோம்."

"எதுக்கு சார்?"

"அளவு குடுக்க."

"டெய்லரு இங்கிட்டுத்தான இருக்கான்?"

"சட்டைக்கு இல்லண்ணே. துப்பாக்கிக்கு."

"துப்பாக்கிக்கு எதுக்கு ஆள அளக்கணும்? சுடப்படுறவனையா அளப்பாங்க?"

"ஏறுங்க, போற வழில சொல்றேன்."

சொல்லவில்லை. வழி நெடுக போனில் பேசிக்கொண்டே வந்தார். அங்கே போன பிறகுதான் தெரிந்தது. வேட்டைச் சாமான்களின் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. துப்பாக்கி செய்கிற ஆஸ்திரியாக்காரர் ஒருவர் வந்திருந்தார். மறுநாள் ஊர் திரும்புகிறார். அர்பாப் வந்து நிற்க வேண்டியது. பந்தய ஒட்டகம் ஒன்றுக்கு வயிறு உப்பிக் கிடந்ததால், அதை விட்டு நகர மாட்டேன், கலாஸ், அவ்வளவுதான், ராஜுவை நிறுத்து, அவன் உடம்பும் என் உடம்பும் ஒன்றுதான் என்று போனில் சொல்லிவிட்டார். ராஜு என்பது நான்தான்.

"வாயத் தொறக்காதீங்கண்ணே" என்றார் பத்மநாபன், என் தலைத்துணியைச் சரிசெய்தபடி.

ஆஸ்திரியாக்காரர் கிழவர். என் வயதுக்கும் மேலே இருக்கும். என் கையில் ஒரு பொய்த் துப்பாக்கியைக் கொடுத்தார். சுடாது. தோளில் பதிகிற அதன் மரக்கட்டையில் அங்கங்கே திருகாணி. கண்ணை மூடச் சொல்லி, மூடியபடியே தோளில் வைக்கச் சொல்லி, பிறகு திறக்கச் சொல்வார். திறந்ததும் என் கண்ணுக்கு நேரே வந்து நின்று பார்ப்பார். ஒரு திருகாணியைத் திருகுவார். மறுபடி கண்ணை மூடு. இப்படி ஒரு மணி நேரம். கழுத்தை அளந்தார். கன்ன எலும்பிலிருந்து கண்ணுக்கு, முழங்கையிலிருந்து விரலுக்கு என்று அளந்துகொண்டே இருந்தார். முடித்ததும் எனக்குத் தலை குனிந்து வணக்கம் சொன்னார். நான் அர்பாப் என்று நினைத்துச் சொன்ன வணக்கம் அது.

திரும்பி வரும்போதுதான் விலையைச் சொன்னார் பத்மநாபன். நல்ல பகல் கொள்ளை என்று நினைத்துக்கொண்டேன். அர்பாபிடம் அவருடைய அப்பா காலத்துத் துப்பாக்கி ஒன்று இருந்தது. இரும்பு தேய்ந்து வெளுத்தது. அதை வைத்துக்கொண்டே எண்பது அடியிலிருக்கும் பெப்சி டின்னை அவர் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. டின்னை அடுக்கி வைப்பது என் வேலை. அப்படியிருக்க இன்னொன்று எதற்கு? கேட்டால், 2007 ஜனவரியில் மைத்துனர்களோடு ஆப்பிரிக்கா போகிறார், அவர்கள் மூன்று பேரிடமும் அளவெடுத்துச் செய்த துப்பாக்கி இருக்கிறது என்றார்கள்.

துப்பாக்கி வந்து சேரப் பதினாலு மாசம் ஆயிற்று. தோல் பெட்டிக்குள் படுத்திருந்தது. கட்டை முழுக்க வால்நட் மரம், கருப்பும் தேனுமாக ரேகை ஓடியது. மேலே தூரத்தைக் கிட்டத்தில் காட்டுகிற கண்ணாடிக் குழல். வந்த வாரம் அர்பாப் ஊரில் இல்லை. வெள்ளிக்கிழமை பெட்டியைத் துடைத்து வைக்கச் சொன்னார்கள். சுடுகிற போல்ட் தனியாக அவருடைய இரும்புப் பெட்டியில் இருந்ததால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் நம்மைப் போன்றவன் அதைத் தொட்டான் என்று போலீஸுக்குப் போனால் கதை முடிந்தது. தெரிந்துதான் தொட்டேன். கதவைச் சாத்திவிட்டு, கண்ணை மூடித் தோளில் வைத்து, திறந்தேன்.

ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டியின் ஏணியும் அதில் ஒரு மைனாவும் வட்டத்துக்குள் நின்றன. அதன் கண்ணைச் சுற்றிய மஞ்சள் தோல் தெரிந்தது. நான் எதையும் தேடவில்லை, கழுத்தைச் சாய்க்கவில்லை. வைத்தேன், தெரிந்தது. மூன்று முறை வைத்துப் பார்த்தேன். மூன்று முறையும் அப்படியே. பெட்டியில் வைத்து மூடிய பிறகும் தோளில் அது இருப்பது போலவே இருந்தது.

அடுத்த வாரம் அர்பாப் வந்தார். டின்களை அடுக்கினேன். முதல் குண்டு மண்ணில் போயிற்று. இரண்டாவதும் மண்ணில். கண்ணாடிக் குழலுக்குள் பாதி இருட்டாக இருக்கிறது என்றார். அவருக்குச் சதைப்பற்றான கன்னம், குட்டைக் கழுத்து. தலையை அமுக்கி, முகத்தை முன்னால் கொண்டுபோய்ச் சுட்டார். துப்பாக்கி பின்னால் உதைத்தது. குழலின் விளிம்பு புருவத்தில் ஏறிவிட்டது. கந்தூராவின் நெஞ்சுப் பக்கம் ரத்தம். ஐந்து தையல் போட்டார்கள்.

அன்றைக்கு மாலையில் பத்மநாபன் என் ரூமுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அதற்கு முன்னால் அவர் அங்கே வந்ததே இல்லை.

"அண்ணே, அளவு குடுக்க நீங்க போனது அவருக்கு ஞாபகம் இல்ல. நீங்களும் ஞாபகப்படுத்தாதீங்க."

"அவரேதான சொன்னாரு, என்னைய நிக்க வைன்னு?"

"சொன்னது அவரு. நிக்க வச்சது நானு. நின்னது நீங்க. இதுல யாருக்கு சீட்டு கிழியும்னு நெனைக்கிறீங்க? உங்க விசா கடுதாசி அவரு மேசைல கெடக்கு. இன்னும் கையெழுத்து விழல."

அதுதான் விஷயம். எனக்கு அப்போது அறுபத்தொன்று. இந்த வயதில் விசாவை இன்னும் இரண்டு வருஷம் நீட்ட அர்பாப் மனசு வைத்தால்தான் உண்டு. மகள் அகிலா நர்சிங் இரண்டாம் வருஷம். படிப்பு முடிய அந்த இரண்டு வருஷம் வேண்டும். கையெழுத்து விழாவிட்டால் மாசக் கடைசியில் பிளேன்.

"எனக்காகச் சொல்றீங்களா, உங்களுக்காகச் சொல்றீங்களா சார்?"

"ரெண்டும் ஒண்ணுதாண்ணே" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் துப்பாக்கிக் கம்பெனியின் ஏஜெண்ட் வந்தார். லெபனான்காரர், டை கட்டியவர். மஜ்லிஸில் அர்பாப் புருவத்தில் பிளாஸ்திரியோடு உட்கார்ந்திருந்தார். நான் காவாப் பாத்திரத்தோடு நின்றேன். இத்தனை வருஷத்தில் அரபி காதில் ஏறிவிட்டது, பேசியதெல்லாம் புரிந்தது.

ஏஜெண்ட் அளவு எழுதிய பேப்பரை விரித்தார். அர்பாபின் கழுத்தைப் பார்த்தார், பேப்பரைப் பார்த்தார், மறுபடி கழுத்தைப் பார்த்தார்.

"மன்னிக்கணும். இந்த அளவு உங்களுடையது இல்லை."

"என் பெயர் போட்டிருக்கிறதா இல்லையா?"

"போட்டிருக்கிறது."

"அப்படியானால் வேறு எவனுக்கோ செய்ததை என் தலையில் கட்டியிருக்கிறீர்கள். அளவெடுத்துச் செய்கிறோம் என்று சொல்வதே திருட்டு. அந்தக் கிழவன் திருடன். கடையில் தொங்குகிற துப்பாக்கி இதைவிட நன்றாகச் சுடும்."

ஏஜெண்டின் காது சிவந்தது. "நாற்பது வருஷமாக அவர் இதைத்தான் செய்கிறார்" என்று மெல்லச் சொன்னார். பத்மநாபன் கம்பளத்தில் இருந்த பூவை எண்ணுவது போலக் குனிந்திருந்தார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். பதினாலு மாசமாக நான் நினைத்ததைத்தான் அர்பாப் சொல்கிறார். ஆனால் நான் பார்த்த ஆட்களில் இவன் ஏமாற்றவில்லை என்று சத்தியம் பண்ணிச் சொல்லக்கூடியவர் அந்த ஒரு கிழவர்தான். அவரைப் போய்த் திருடன் என்கிறார்கள். பேசாமல் இருந்தால் இரண்டு வருஷம். அகிலாவின் முகம் வந்தது. வாய் மட்டும் நிற்கவில்லை.

"அர்பாப், அது என் கழுத்து" என்றேன்.

பத்மநாபன் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன சொல்கிறாய்?"

"ஒட்டகத்துக்கு வயிறு உப்பின அன்னைக்கு என்னை நிற்கச் சொன்னீர்கள். நின்றேன். கந்தூராவுக்கு நிற்கிற மாதிரி."

ஏஜெண்ட் போல்ட் இல்லாத துப்பாக்கியை எடுத்து என்னிடம் நீட்டினார். அர்பாப் தலையசைத்தார். கண்ணை மூடி வைத்துத் திறந்தேன். ஏஜெண்ட் எனக்கு எதிரே வந்து குனிந்து பார்த்தார். முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. "ஒரு மில்லிமீட்டர் கூட மாற்ற வேண்டாம்" என்றார். இவனுக்கு இவ்வளவு பொருத்தமா என்று அர்பாப் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா, வேறு ஏதாவதா, கண்டுபிடிக்க முடியவில்லை.

கட்டையை மட்டும் புதிதாகச் செய்தால் போதும், ஆறு மாசம் ஆகும், இப்போதே அளவெடுத்துவிடலாம் என்று ஏஜெண்ட் டேப்பை எடுத்தார். அந்த நேரம் பார்த்து அர்பாபுக்கு போன் வந்தது. போனைக் காதில் வைத்தபடி என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"யல்லா ராஜு, நீ நில்லு."

பழக்கம். நானும் பழக்கத்தில் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டேன். பிறகு நின்றுவிட்டேன்.

"மாஃபி அர்பாப். உங்க கழுத்துக்கு நான் எங்கே போவேன்?"

மாஃபி, முடியாது, என்று அவரிடம் நான் முதல் முறையாகச் சொன்னது அன்றைக்குத்தான். போனில் எதிர்ப்பக்கம் ஆள் கத்திக்கொண்டிருந்தான். அர்பாப் போனைக் கீழே வைத்தார். எழுந்து நின்று, ஊசி போடக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி கண்ணை இறுக்கிக்கொண்டு, "சீக்கிரம்" என்றார். ஏஜெண்ட் கன்னத்தைத் தொட்டபோது அவர் தோள் நடுங்கியதைப் பார்த்தேன்.

முடிந்ததும் என்னைக் கேட்டார். "இந்த விலைக்கு இது தகுமா ராஜு?"

"தெரியல அர்பாப். எனக்கு நல்லா இருந்துச்சு."

அவர் பத்மநாபனிடம் கை நீட்டினார். மேசையில் கிடந்த காகிதங்களை பத்மநாபன் அப்படியே எடுத்துக் கொடுத்தார். ஏஜெண்டின் காகிதத்தில் ஒரு கையெழுத்து. அதற்கு அடுத்து என் கடிதத்தில் ஒரு கையெழுத்து. எதையும் படிக்கவில்லை. உண்மை சொன்னேன் என்று போட்டாரா, பேனா கையில் இருந்ததே என்று போட்டாரா, என்னைப் பார்க்கப் பிடிக்காமல் சீக்கிரம் மஜ்லிஸை விட்டு அனுப்பப் போட்டாரா? வெளியே வந்து பத்மநாபனைக் கேட்டேன்.

"கையெழுத்து விழுந்துச்சில்ல? பேசாம போய் ஆட்டுக்குத் தண்ணி காட்டுங்கண்ணே."

ஜனவரியில் அர்பாப் அப்பாவின் துப்பாக்கியோடுதான் ஆப்பிரிக்கா போனார். நல்லபடியாகச் சுட்டார் என்று சொன்னார்கள். வெயில் காலத்தில் புதுக்கட்டை வந்தது. டின் அடுக்கினேன். ஒன்றைக்கூட விடவில்லை. ஆனால் பழைய துப்பாக்கியிலும் அவர் விட்டதில்லையே. பத்துக்குப் பத்து என்றால் இரண்டிலும் பத்துதான். பிறகு எதற்கு அவ்வளவு விலை? ஆனால் அன்றைக்கு என் தோளில் அது உட்கார்ந்த விதத்தை நினைத்தால், அந்த விலை அதிகம் என்றும் சொல்ல நாக்கு வரவில்லை. சுட முடிகிறவருக்கு எதுவாக இருந்தாலும் போதும். பொருந்துகிறவனுக்குச் சுட உரிமை கிடையாது.

கழற்றிய பழைய கட்டையை அர்பாப் என்னிடம் கொடுத்தார். "உன் அளவு. நீயே வைத்துக்கொள்" என்றார். விலையில் பாதி அந்த மரத்துக்குத்தான் என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தார். இரும்பு இல்லாத வெறும் கட்டை. ஊருக்குக் கொண்டுபோகலாமா என்று பத்மநாபனைக் கேட்டதற்கு, ஏர்போர்ட்டில் பிடித்தால் துப்பாக்கியின் பாகம் என்பார்கள், உள்ளே போய் உட்கார வேண்டியதுதான் என்றார். கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஆள் இல்லாதபோது எடுத்துத் தோளில் வைத்துப் பார்ப்பேன். இன்னும் சரியாகத்தான் உட்காருகிறது.

போனில் பூவாயியிடம் சொன்னேன்.

"வெறும் கட்டைய வச்சு என்னங்க பண்றது?" என்றாள் என் மனைவி.

எனக்கும் தெரியவில்லை.